மோர்க்காரி மண்டபத்தைக் கட்டியது யார்?

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கால்.

தெரியாத நம்பர் என்றால் எடுத்தவுடன் நான் பேச மாட்டேன். எதிர்முனை முதலில் வாயைத் திறக்கட்டும் என்று சும்மா இருப்பேன். உங்களுக்குத்தான் என் குணம் தெரியுமே! பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் முகர்ந்து பார்க்கிற ஆள். பாங்க்கிலிருந்து நிஜமாகவே பேசிய மேனேஜரிடம், “உங்க பிராஞ்ச் வாசல்ல என்ன மரம் நிக்குது, சொல்லுங்க” என்று கேட்டவன். (வேப்பமரம் என்று சரியாகத்தான் சொன்னார். அப்புறமும் நான் நம்பவில்லை.)

“சார், வணக்கம். என் பேரு பேச்சியம்மாள். பி.ஏ. ஹிஸ்டரி மூணாம் வருஷம் படிக்கேன். உங்க பேப்பர் பத்தியில ஒரு விஷயம் எழுதியிருந்தீங்கல்லா... அதை நீங்க எங்க பாத்தீங்கன்னு தெரியணும் சார்.”

“எந்தப் பத்தி?”

“மோர்க்காரி மண்டபம் சார்.”

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து முக்கூடல் போகிற பஸ்ஸில் ஆற்றுப் பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தால், ஓர் இடத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கல்மண்டபம் தெரியும். நாலே தூண். பக்கத்தில் படித்துறை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அதைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதினேன். படித்துறையில் மோர் விற்ற ஒரு பெண், வெயிலில் வருகிறவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டுமே என்று, ஆயுள் முழுக்கச் சேர்த்ததைப் போட்டு அதைக் கட்டினாள் என்று. ‘ராஜாக்கள் கோட்டை கட்டினார்கள், மோர்க்காரி நிழல் கட்டினாள்’ என்று முடித்திருந்தேன்.

அடேயப்பா... என்ன வரவேற்பு! மூட்டை மூட்டையாகக் கடிதம். அந்தக் கடைசி வரியை ஒரு பட்டிமன்றத்தில் சொல்லி யாரோ கைதட்டல் வாங்கினார்களாம்.

அதைப் போய் இத்தனை வருடம் கழித்து, ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று ஒரு பெண் கேட்கிறாள். ஏன் கேட்கிறாள்? யார் கேட்கச் சொன்னது?

வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“எங்க லைப்ரரி மேடம்தான் சார் கேக்கச் சொன்னாங்க.”

லைப்ரரி மேடமா? நான் படித்த காலத்தில் லைப்ரேரியன் என்றால் இடுப்பில் சாவிக்கொத்தோடு பீரோவுக்குக் காவல் இருப்பவர். புத்தகம் கேட்டால், “எதுக்கு?” என்பார். என்னுடைய வாக்கியத்தை நோண்டிப் பார்ப்பது எப்போதிலிருந்து லைப்ரரி வேலை ஆனது? யோசித்தபோது பிடிபட்டது. கல்லூரி நூலகங்களில் புத்தகத்தைவிடப் பூட்டுதான் அதிகம் என்று ஒருமுறை எழுதியிருக்கிறேன். பழி வாங்குகிறார்கள்!

“பழைய ஆட்கள் சொன்னதும்மா. அச்சிலும் வந்திருக்கு. நாளைக்கு நானே நேரில் வந்து காட்டறேன்” என்று வீறாப்பாகச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து ஆதாரங்களை இறக்கினேன். இரண்டு புத்தகம், ஒரு விழா மலர். மூன்றிலும் மோர்க்காரி இருக்கிறாள். தூசி தட்டிப் பைக்குள் வைத்தேன்.

“எங்க கெளம்புதீங்க?” என்றாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தப் பிள்ள என்ன கேட்டா? எங்க பாத்தீங்கன்னுதானே? இதுக்கு எதுக்கு இத்தனை புத்தகம்?”

பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழியில் டிரைவரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். “மோர்க்காரி மண்டபம் தெரியுமா?”

“தெரியாம என்ன சார்? மோர் வித்த அம்மா கட்டுனது.”

பார்த்தீர்களா? ஆட்டோ டிரைவருக்கே தெரிகிறது. ஒரு லைப்ரேரியனுக்குத் தெரியவில்லை!

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அது. பெயர் வேண்டாம். நூலகத்துக்குள் நுழைந்தால் சாவிக்கொத்தைக் காணோம். ஜன்னலோரம் ஒரு பெரிய மேஜை. அதன் பின்னால் ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா. வள்ளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற புஷ்பம் மேடம் என்று பிற்பாடு தெரிந்தது. எதிரே ஏழெட்டு மாணவிகள் ஆளுக்கொரு நோட்டோடு நிற்கிறார்கள்.

“ஊர்ப் பேரை இப்ப சொல்லுத மாதிரி மட்டும் தேடுனா எப்படிக் கிடைக்கும்? அந்தக் காலத்து ரெக்கார்டுல வேற மாதிரி எழுதியிருப்பான்லா? அங்கன பழைய மேப் இருக்கு பாரு, அதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வா” என்று ஒருத்தியை அனுப்பிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்க சார். இங்கன இருங்க. இந்தப் பிள்ளைய முடிச்சிட்டு வந்திருதேன்.”

உட்கார்ந்து கவனித்தேன். முக்கால் மணி நேரம். அவர் எந்தப் பெண்ணுக்கும் விடையைச் சொல்லவே இல்லை. வேறு எந்த வார்த்தை போட்டுத் தேடலாம், புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவை எப்படிப் பார்ப்பது, அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பின்னால் போவது... இதுதான் பேச்சு. நடுவில் எழுந்து போய் டீகூடக் குடிக்கவில்லை.

சம்பளத்துக்கு மேல் வேலை பார்க்கிற ஆளைக் கண்டால் எனக்கு மரியாதை வராது. சந்தேகம்தான் வரும். இதில் இவருக்கு என்ன லாபம்? கல்லூரியைப் பார்வையிட ஏதாவது கமிட்டி வருகிறதோ? படம் எடுத்து ஒட்டப் போகிறார்களோ?

நோட்டும் விசித்திரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் வாங்கிப் பார்த்தேன். இடது பக்கத் தலைப்பில் ‘கிடைத்தது’. வலது பக்கத்தில் ‘கிடைக்கவில்லை’. எங்கே தேடினேன், என்ன சொல் போட்டுத் தேடினேன், எதுவும் அகப்படவில்லை என்று வரிவரியாக எழுதியிருந்தது. வலது பக்கம் காலியாக இருந்தால் மேடம் கையெழுத்துப் போட மாட்டாராம். கையெழுத்து இல்லாவிட்டால் டிபார்ட்மென்டில் புராஜெக்டை வாங்க மாட்டார்களாம். இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

கிடைக்காததை எழுதி வைக்க ஒரு நோட்டா? தோற்றதை யாராவது ஃபைல் போட்டு வைப்பார்களா? எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக என் முறை வந்தது. பையை மாரோடு அணைத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றாள். பேச்சியம்மாள். முக்கூடல்காரி. அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார். புராஜெக்ட் தலைப்பு, ‘தாமிரபரணிக் கரையில் பெண்கள் செய்த தர்மங்கள்’. முதல் அத்தியாயமே என் மோர்க்காரிதான். திங்கட்கிழமை புராஜெக்டைக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் வைவா. இதில் நல்ல மார்க் வந்தால்தான் எம்.ஏ.வுக்கு நினைத்த இடத்தில் அப்ளிகேஷன் போட முடியும்.

“இதையெல்லாம் ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லுமே?” என்று கொக்கி போட்டுப் பார்த்தேன். காப்பியடிக்கிற பெண்ணாக இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

மேடம் சிரித்தார். “கேட்டுட்டுத்தான் சார் வந்தா. எட்டுப் புத்தகம் லிஸ்ட் குடுத்துச்சு. அதுல அஞ்சு புத்தகம் உலகத்துலயே கிடையாது.”

பேச்சி தலையைக் குனிந்துகொண்டு வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் நேரே, எந்தெந்த நூலகப் பட்டியலில் தேடினாள் என்ற விவரம். கடைசியில், ‘இப்படி ஒரு புத்தகமே இல்லை.’

“மீதி மூணு?”

“அதெல்லாம் இருக்கு சார். மூணுலயும் மோர்க்காரி இருக்கா.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பையைத் திறந்து என் மூன்று ஆதாரங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

மேடம் அவற்றைத் தொடக்கூட இல்லை. “இதே மூணைத்தான் சார் நாங்களும் பாத்தோம்” என்று சொல்லி, பேச்சி வரைந்த ஒரு சார்ட்டை விரித்தார். கட்டம் கட்டமாக, அம்புக்குறி போட்டு.

முதல் புத்தகம். அதன் அடிக்குறிப்பில் ஆதாரம் என்று போட்டிருப்பது... என் பத்தி. இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தை ஆதாரம் காட்டுகிறது. விழா மலரில் அடிக்குறிப்பே இல்லை.

“ஆனா ‘மோர்க்காரி நிழல் கட்டினாள்’னு இதுல ஒரு வரி வருது. இது உங்க வரிதானே சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

என் வரிதான். ஒற்றை எழுத்து மாறவில்லை. ஆனாலும் விடுவேனா? கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

“மூணு வருஷம் முன்னால இதைப் பற்றி மறுபடி எழுதினேன். அதில் ஆதாரத்தோடுதான் எழுதியிருக்கேன்!”

“ஆமா சார். இந்த மலரைத்தான் ஆதாரம் காட்டியிருக்கீங்க” என்றாள் பேச்சி. மலரிலிருந்து என் பெயருக்கு ஓர் அம்புக்குறி திரும்பி வந்தது. வட்டம் முடிந்தது.

அதாவது, நான் சொன்னதை நாலு பேர் சொன்னார்கள். நாலு பேர் சொல்கிறார்களே என்று நானும் நம்பிவிட்டேன். ஆட்டோ டிரைவர் சொன்னதும் இந்த வகைதான் என்று அப்போதுதான் உறைத்தது.

பாவம், அந்தப் பெண் வெளியேயும் தேடியிருக்கிறாள். கல்வெட்டு அறிக்கைகளில் தேடியிருக்கிறாள். பழைய மாவட்ட ஆவணங்களில் தேடியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடமும் அவளும் நேரிலேயே போய்த் தூண் தூணாகத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். எழுத்து எதுவும் இல்லை. எல்லாம் வலது பக்கத்தில் ஏறியிருந்தது.

சார்ட்டில் என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. ‘இவருக்குச் சொன்னவர் யார்?’

“பழைய ஆளுக சொன்னதுன்னு போன்ல சொன்னீங்களாம்லா சார்? யாருன்னு பேரும் ஊரும் சொன்னாப் போதும். வாய்மொழித் தகவல்னு போட்டுக்கிடுவோம். அதுக்கும் மதிப்பு உண்டு” என்றார் மேடம்.

எனக்காகவே கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு பெயர்... ஒரே ஒரு பெயர் போதும். போய்ச் சேர்ந்த யாராவது ஒரு அண்ணாச்சியின் பெயரைச் சொன்னால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. பொய் சொல்லப் போகிறோம் என்ற கூச்சம்கூட அந்த நிமிடம் எனக்கு இல்லை. மாட்டிக்கொள்வோமா என்பதுதான் யோசனை.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்துவிட்டேன்.

வாசல் படியில் பேச்சி பின்னாலேயே வந்தாள்.

“சார்... அந்தப் பத்தியை எங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன் சார். பீடி சுத்திக்கிட்டே கேட்டா. ‘நம்மள மாதிரி ஒருத்தியா கட்டுனா?’ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. அதனாலதான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். பேரு மட்டும் சொல்லிருங்க சார், திங்கக்கிழமைக்குள்ள.”

அன்று சாயங்காலம் காபி இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த லைப்ரேரியன் என்னை வேண்டுமென்றே சிக்க வைத்துவிட்டார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“உங்களுக்குச் சந்தேகமெல்லாம் அடுத்தவங்க மேலதான் வரும்” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களிடம் இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னது யார் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஒரு பஸ் பயணி. முக்கூடல் பஸ்ஸில் பக்கத்து சீட். மடியில் பனங்கிழங்குக் கட்டு. மண்டபத்தைக் காட்டி, “அது என்ன?” என்று கேட்டேன்.

“யாரோ ஒரு மோர்க்காரி கட்டுனதுன்னு சொல்லுவாவ... கட்டுனாளோ, அதுல இருந்து மோர் வித்தாளோ, யாரு கண்டா வே?” என்றார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை.

அவர் சொன்னது இரண்டு. நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். ஏன்? மண்டபத்தில் உட்கார்ந்து ஒருத்தி மோர் விற்றாள் என்று எழுதினால் யார் கடிதம் போடுவார்கள்? பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்கிற எனக்கு, எனக்குப் பிடித்த கதையை மட்டும் முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். பேனாவை வாங்கி, காலிக் கட்டத்தில் என் கையாலேயே எழுதினேன்: ‘பெயர் கேட்டுக்கொள்ளாத ஒரு பஸ் பயணி. கட்டியிருக்கலாம், அல்லது அங்கே மோர் விற்றிருக்கலாம் என்று இரண்டு விதமாகச் சொன்னார். நான் எனக்குப் பிடித்ததை எழுதினேன்.’ கீழே கையெழுத்து, தேதி.

பேச்சி வாசித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம்.

“விசாரிச்சுப் பாக்கணும்னு எழுதும்போது ஒரு தடவைகூட உங்களுக்குத் தோணலையா சார்? என் முதல் சாப்டரே போச்சு. அம்மைகிட்ட இனி என்னன்னு சொல்ல?”

அந்தக் கோபத்தில் ஒரு துளிகூட அநியாயம் இல்லை.

“சாப்டர் எங்கயும் போகல” என்றார் மேடம். “ஒரு பேச்சு பஸ்ஸுல இருந்து கெளம்பி, பத்தியில ஏறி, புத்தகத்துல உக்காந்த கதையை எழுது. வேற எவரும் எழுதாத விஷயம்லா? எல்லாம் உன் நோட்டுல இருக்கே. இப்பிடி உக்காரு.”

உட்கார்ந்தார்கள். எதை முதலில் வைப்பது, எதைத் திட்டமாகச் சொல்லலாம், எங்கே ‘தெரியவில்லை’ என்று நிறுத்த வேண்டும்... ஒவ்வொரு வரியாகப் போனது. நானும் நகராமல் இருந்தேன். சாயங்காலம் மேடம் தன் வள்ளியூர் பஸ்ஸை விட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பாடு எதற்கு என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“வேற என்ன சார் செய்ய? நாள் பூரா புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டு இருக்கவா?” என்றார்.

இது முழுப் பதில் இல்லை என்று எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம். ஆனால் துருவவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் பாவத்தைக் கழுவப் பார்த்தேன். “மோர்க்காரி மண்டபம்னு சொல்றாங்களே, அதை அந்தம்மாதான் கட்டினாங்கன்னு எந்த ஆதாரமும் இல்லையாம்” என்றேன் டிரைவரிடம்.

அவர் கண்ணாடியில் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேப்பர்லயே போட்டிருக்கு சார். நீங்க வெளியூரா?”

அடுத்த வாரம் வைவா முடிந்த கையோடு பேச்சி போன் செய்தாள். இந்த முறை முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்.

“வெளிக் காலேஜ்ல இருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் முதல் கேள்வியே, ‘அப்போ கட்டுனது யாரும்மா?’ன்னு கேட்டாரு. தெரியாது சார்னேன். ‘தெரியாதுங்கதுக்கு ஒரு புராஜெக்டா?’ன்னு சிரிச்சாரு. தெரியாதுன்னு எப்படித் தெரியும்னு காட்டுதேன் சார்னு நோட்டைக் குடுத்தேன்.”

“அப்புறம்?”

“வலது பக்கமா ரொம்ப நேரம் புரட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சார்ட்டைப் பாத்துட்டு, ‘இந்த ரெண்டாவது புத்தகத்தை வச்சு நானும் கிளாஸ்ல மோர்க்காரி கதை சொல்லிக்கிட்டு இருக்கேனேம்மா’ன்னாரு.”

நல்ல மார்க். எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றாம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன் சார். பீடி சுத்திக்கிட்டே இருந்தா. அப்புறம், ‘கட்டலைன்னாப் போகட்டும். அப்படி ஒருத்தி இருந்தாளா, மோர் வித்தாளா, அதாவது நெசமான்னு அந்த சார்கிட்ட கேளு’ன்னா.”

நான் அந்த பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். பனங்கிழங்குக் கட்டு. ‘யாரு கண்டா வே?’ அந்த அம்மாவுக்கு ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

“தெரியாதும்மா” என்றேன்.

“சரி சார். வலது பக்கத்துல எழுதிக்கிடுதேன்.”